யாருக்கு அவசரம், யார் நம்ம ஆள்?

(தேர்வாய் கண்டிகையில் தொழிற்கூட ஊழியர்கள், சிறுதொழில் முனைவோர், ஐடிஐ மாணவர்கள் முன்னிலையில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தேர்வாய் கண்டிகை என்ற பெயரை வெளியூர்க்காரர்கள் இரண்டு காரணங்களுக்காகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். ஒன்று டயர். பிரான்சு நாட்டு மிஷலின் நிறுவனம் 2009இல் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு இங்குள்ள சிப்காட் வளாகத்தில் தொழிற்சாலை கட்டியது. இன்னொன்று தண்ணீர். 380 கோடி ரூபாய் செலவில், 500 மில்லியன் கன அடி கொள்ளளவில் உருவான கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பர் 21 அன்று திறக்கப்பட்டது. நிலம் போனதை எதிர்த்து ஊர்க்காரர்கள் நடத்திய போராட்டம் தனிக் கதை. அதற்கு வேறொரு மேடை வேண்டும்.

இன்றைய பேச்சு, இதே வட்டாரத்தில் ஒவ்வொரு கூரையின் கீழும் பங்கு போடப்படுகிற, ஆனால் யாரும் கணக்கெடுக்காத வேறொரு வளத்தைப் பற்றியது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டையை உரிமம் வாங்காமலே யாரும் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2005 ஜனவரியில் அறிவித்தது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் பெரும்பகுதி 2018 அக்டோபரில் அதே முறையில் திறந்துவிடப்பட்டது. நமது வைஃபை பெரும்பாலும் இந்த இரண்டு பட்டைகளில்தான் ஓடுகிறது. உரிமம் தேவையில்லை என்றால், அந்த இடம் யாருக்கும் சொந்தமில்லை என்றும் பொருள். குடோனில் பார்கோடு படிக்கும் ஸ்கேனர், மேலாளரின் லேப்டாப், டிரைவரின் கைப்பேசியில் ஓடும் படம், கேட் கேமரா எல்லாம் ஒரே காற்றைத்தான் பகிர்கின்றன. கேன்டீன் மைக்ரோவேவ் அடுப்புகூட 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. சோறு சூடாகும்போது பக்கத்து அறையில் நெட் தடுமாறுவதற்கு அதுதான் காரணம்.

"நெட் ஸ்லோவா இருக்கு" என்ற புகார் வந்ததும் பெரும்பாலான கம்பெனிகள் செய்வது ஒன்றே: இன்னொரு ரௌட்டர் வாங்கி மாட்டுவது. 2.4 பட்டையின் மொத்த அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ். ஒன்றோடொன்று உரசாமல் ஓடக்கூடிய சேனல்கள் அதில் மூன்றுதான்: 1, 6, 11. நான்காவது ரௌட்டர் வந்ததும் இரண்டு ரௌட்டர்கள் ஒரே சேனலில் வந்து உட்காரும். அப்புறம் அவை ஒன்றுக்கொன்று வழிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். சிக்னல் கோடுகள் நிறையத் தெரியும், வேலை மட்டும் நடக்காது.

வைஃபையைப் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் என்ற வெள்ளைப் பெட்டிக்கு இரண்டு பொறுப்புகள் உண்டு. யாரை முதலில் பேச விடுவது என்பது ஒன்று. யாரை உள்ளே விடுவது என்பது இரண்டாவது. பெட்டியின் மெனுவில் இவை இரண்டு தனித்தனிப் பக்கங்களில் இருக்கின்றன. அதனாலோ என்னவோ, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். முதலாவது, புகார் வரும்போது மட்டும் தொட வேண்டியது. இரண்டாவது, பெட்டி வாங்கிய அன்று பாஸ்வேர்டு வைத்ததோடு முடிந்தது என்பது பொது நம்பிக்கை. இந்த உரையின் வாதம் இதற்கு நேர் எதிரானது. உள்ளே வந்திருப்பவர் யார் என்று தெரியாத இடத்தில் முன்னுரிமை என்ற பேச்சே செல்லாது.

முதலில் முன்னுரிமை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

கம்பியில்லாமல் கணினிகள் பேசிக்கொள்ளும் முயற்சி ஹவாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. நார்மன் ஆப்ரம்சனும் அவரது குழுவினரும் தீவுகளுக்கிடையே 1971இல் ஓட்டிக்காட்டிய அலோஹாநெட்டில் விதி மிக எளிது: தோன்றும்போது பேசு, மோதினால், கொஞ்சம் பொறுத்து மறுபடி பேசு. 1997இல் வந்த 802.11 தரநிலை, அதாவது வைஃபையின் அடிப்படை, இதில் ஒரு மரியாதையைச் சேர்த்தது: பேசுமுன் கேள். தலைவர் இல்லாத கூட்டம் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். அமைதி நிலவும்வரை எல்லோரும் காத்திருக்கிறார்கள். அமைதி வந்ததும் ஆளுக்கொரு எண்ணை மனதுக்குள் குலுக்கிப்போட்டு, அதை ஒன்றொன்றாகக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். யாருக்கு முதலில் பூஜ்யம் வருகிறதோ அவர் பேசத் தொடங்குகிறார். இருவருக்கு ஒரே எண் விழுந்தால் குரல்கள் மோதும். இருவரும் இன்னும் அகலமான எல்லைக்குள் எண்ணைக் குலுக்கி மீண்டும் தொடங்க வேண்டும்.

இந்தக் கூட்டத்தில் எல்லோரும் சமம். அதுதான் பிரச்சினையும். தொலைபேசிக் குரலுக்கும் ராத்திரி ஓடுகிற பேக்கப் கோப்புக்கும் ஒரே மாதிரி வாய்ப்பு. குரல் காத்திருக்காது. இணையவழிப் பேச்சு நொடிக்கு 50 சிறு பொட்டலங்களாகப் போகிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 150 மில்லிநொடிக்குள் போய்ச் சேர்வது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. பேக்கப் கோப்பு அரை நிமிடம் தாமதித்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

இதற்கு மருந்தாக 2004இல் டபிள்யூ.எம்.எம். என்ற ஏற்பாடு வந்தது, 2005இல் 802.11இ தரநிலை அதை முழுமைப்படுத்தியது. இதில் போக்குவரத்து நான்கு வகை: குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி. செய்தது ஒன்றும் மந்திரமில்லை. குலுக்கும் எண்களின் எல்லையை மாற்றினார்கள், அவ்வளவுதான். குரலுக்கு 0 முதல் 3 வரை. வீடியோவுக்கு 0 முதல் 7 வரை. மற்ற இரண்டுக்கும் 0 முதல் 15 வரை. எண்ணத் தொடங்குமுன் காத்திருக்கும் நேரத்திலும் வேற்றுமை வைத்தார்கள். 5 கிகாஹெர்ட்ஸில் கணக்குப் போட்டால், குரல் பொட்டலம் சராசரியாக 47.5 மைக்ரோநொடி பொறுத்தால் போதும். சாதாரணப் பொட்டலம் 110.5 மைக்ரோநொடி, பின்னணி வேலை 146.5 மைக்ரோநொடி. வேறுபாடு கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் நொடிக்குப் பல ஆயிரம் தடவை இந்தப் போட்டி நடக்கும்போது, யார் ஜெயிப்பார்கள் என்பது அங்கேதான் தீர்மானமாகிறது.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். முன்னுரிமை ஏற்பாடு காற்றில் ஒரு பிட்டைக்கூட அதிகமாக்குவதில்லை. ஒருவரை முன்னால் விட்டால் இன்னொருவர் பின்னால் நிற்கிறார். விளம்பர அட்டைகளில் "வேகமான வைஃபை" என்ற வரிக்குக் கீழே இதை அச்சிடுவதில்லை.

காற்றைத் தின்பவர்களில் பெரிய திருடன் வேறொருவன். பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் 2003இல் ஒரு விசித்திரத்தைச் சுட்டிக்காட்டினார்கள். 1500 பைட் பொட்டலம் ஒன்றை 54 மெகாபிட் வேகத்தில் அனுப்ப ஏறத்தாழ 0.22 மில்லிநொடி ஆகிறது. அதே பொட்டலத்தை 1 மெகாபிட் வேகத்தில் அனுப்ப 12 மில்லிநொடி. பேசும் வாய்ப்பு எல்லோருக்கும் சமமாக வருகிறது. ஆனால் மெதுவாகப் பேசுகிறவர் ஒவ்வொரு முறையும் ஐம்பது மடங்குக்கு மேல் நேரம் எடுத்துக்கொள்கிறார். வளாகத்தின் கடைக்கோடியில், அரைகுறை சிக்னலில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு பழைய ஸ்கேனர், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் புது லேப்டாப்புகள் எல்லாவற்றையும் தன் வேகத்துக்கு இழுத்துவிடும். ஆகவே நல்ல ஆக்சஸ் பாயின்ட்டுகள் இப்போது பொட்டலத்தை எண்ணுவதில்லை. ஆளுக்கு எவ்வளவு நேரம் காற்றைப் பிடித்தார் என்று பார்த்துப் பங்கிடுகின்றன. 1, 2 மெகாபிட் போன்ற பழைய மெதுவேகங்களை அடைத்துவிடும் வசதியும் பல பெட்டிகளில் இருக்கிறது. பழைய கருவிகள் எதுவும் அதை நம்பியிருக்கவில்லை என்று பார்த்துவிட்டுச் செய்ய வேண்டிய வேலை அது. செய்தால் பலன் உடனே தெரியும்.

டயர் குடோன்காரர்களுக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. இரும்பு அலமாரிகள் அலையைத் திருப்பி அடிக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் டயரின் ரப்பரில் கார்பன் பிளாக் கலந்திருக்கிறது. அது இந்த அலைகளை விழுங்கும் குணமுடையது. காலி குடோனில் சிக்னல் அளந்து ஆக்சஸ் பாயின்ட் மாட்டிவிட்டுப் போனால், சரக்கு நிரம்பிய பிறகு அந்த அளவுக்கு அர்த்தமில்லை. சரக்கு அடுக்கிய நிலையில் அளக்கச் சொல்லுங்கள்.

பேசுமுன் கேள் என்ற மரியாதை விதி முற்றிலும் தோற்றுப்போன இடம் ஒன்று தமிழ்நாட்டிலேயே உண்டு. அதைச் சரிசெய்த கதையும் நம்முடையதுதான். தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. சுற்றுப்பட்டு ஊர்களில் அது கண் மையங்களைத் திறந்தது. மையத்தில் பயிற்சி பெற்ற ஊழியர் கண்ணைச் சோதிப்பார். பிறகு நோயாளி தேனியிலிருக்கும் மருத்துவரோடு வீடியோவில் பேசுவார். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம். அந்த நாளில் இந்த ஊர்களுக்கு வீடியோ தாங்கும் இணைப்பு கிடையாது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவரின் குழு, கடையில் கிடைக்கும் மலிவான வைஃபை அட்டைகளையும் கோபுர ஆன்டெனாக்களையும் வைத்து இந்த மையங்களை இணைத்தது. ஐந்து மையங்கள் தேனியோடு இணைந்த செய்தி 2006இல் வெளியானது.

வைஃபை ஓர் அறைக்காகச் செய்யப்பட்டது. ஒவ்வொரு பொட்டலமும் போய்ச் சேர்ந்ததும் "வந்தது" என்று பதில் வர வேண்டும். சில பத்து மைக்ரோநொடிக்குள் வராவிட்டால் தொலைந்துபோனதாக முடிவுசெய்து மறுபடி அனுப்பும். 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒளிக்கே 100 மைக்ரோநொடி பிடிக்கிறது. பதில் வந்துகொண்டிருக்கும்போதே பொறுமை இழந்து மறுபடி அனுப்புவதும், அது எதிரே வருவதோடு மோதுவதுமாகக் குழப்பம். பேசுமுன் கேள் என்ற விதியும் அங்கே உதவவில்லை. கோபுர உச்சியில் பல திசைகளில் பார்த்துநிற்கும் ஆன்டெனாக்கள், கேட்கக்கூடாதவற்றைக் கேட்டு வாயை மூடிக்கொண்டன. குழு செய்தது என்னவென்றால், குலுக்கலையே தூக்கிப்போட்டது. நேரத்தைத் துண்டுகளாக வெட்டி, இந்தத் துண்டில் நீ அனுப்பு, அடுத்த துண்டில் நீ கேள் என்று முறைவைத்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பதில் கேட்காமல் மொத்தமாகப் பதில் வாங்கியது. வைல்ட்நெட் என்று பெயரிட்ட இந்த முறை 2007இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. வெனிசுவேலாவில் 382 கிலோமீட்டர் தூரத்துக்கும் இதே முறையில் இணைப்பு கொடுத்துக் காட்டினார்கள்.

அதே குழு 2008இல் எழுதிய இன்னொரு கட்டுரை இந்த அவைக்கு இன்னும் நெருக்கமானது. கிராமப்புற வைஃபை நின்றுபோவதற்கு மிகப் பெரிய காரணம் ரேடியோ அல்ல, மின்சாரம் என்று அவர்கள் கண்டார்கள். 1000 வோல்ட் வரை எகிறும் அதிர்ச்சிகளைப் பதிவுசெய்தார்கள். உருக்காலைகள் நிறைந்த நம் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் எந்த எலெக்ட்ரீஷியனைக் கேட்டாலும், இதைக் கண்டுபிடிக்க பெர்க்லியிலிருந்து வர வேண்டுமா என்று சிரிப்பார். ஆனாலும் அவர்கள் அதை அளந்து, எழுதி, அதற்கேற்ற மின்காப்புச் சாதனம் செய்து மாட்டினார்கள். நெட் ஸ்லோ என்ற புகாரோடு வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி யூ.பி.எஸ். பற்றியதாகவும் இருக்கலாம்.

சரி, டபிள்யூ.எம்.எம். பெட்டியில் இருக்கிறது, இயக்கியும் வைத்தாகிவிட்டது. அப்புறமும் குரல் ஏன் உடைகிறது? ஒரு காரணம் எண்ணில் ஒளிந்திருக்கிறது. இணையப் பொட்டலத்தின் தலைப்பில் முன்னுரிமையைக் குறிக்க ஓர் எண் உண்டு. குரலுக்கு வழக்கமாக 46. வைஃபை தன் பங்குக்கு 0 முதல் 7 வரை எட்டு எண்களைத்தான் அறியும். ஆகவே பல கருவிகள் 46இன் முதல் மூன்று பிட்டுகளை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டன. 46 இரும எண்ணில் 101110. முதல் மூன்று பிட்டு 101, அதாவது 5. வைஃபையில் 5 என்றால் வீடியோ வரிசை! குரல் தனக்கான முதல் வரிசையை விட்டுக் கேமராக்களோடு நிற்கும். இந்தக் குளறுபடியைத் தீர்க்க 2018இல்தான் ஒரு தனி ஆவணம், ஆர்.எஃப்.சி. 8325, எழுதப்பட்டது. உங்கள் பெட்டி அதன்படி நடக்கிறதா என்பது விற்பனையாளரிடம் கேட்கத்தக்க கேள்வி.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. இந்த எண்ணை ஒட்டுகிறவர் யார்? அனுப்புகிற கருவியேதான். "நான் குரல், எனக்கு அவசரம்" என்று ஒரு கைப்பேசிச் செயலி சொன்னால் அதைச் சோதிக்க யாருமில்லை. குரலுக்குக் குலுக்க நான்கே எண்கள் என்று பார்த்தோம். இரண்டு பேர் குலுக்கினால் ஒரே எண் விழ நாலில் ஒரு வாய்ப்பு. சாதாரண வரிசையில் அது பதினாறில் ஒன்று. பத்துக் கருவிகள் ஒரே நேரத்தில் "நான் குரல்" என்று பொய் சொல்லத் தொடங்கினால், மோதலிலேயே காற்று வீணாகும். எல்லோரும் வி.ஐ.பி. ஆகிவிட்ட கோயில் வரிசை நமக்குப் பழக்கமானதுதானே.

பொய் சொல்ல இன்னும் மோசமான வழிகளும் உண்டு. ஒவ்வொரு பொட்டலமும் "இன்னும் இவ்வளவு நேரம் காற்று எனக்கு வேண்டும்" என்று அறிவிக்கலாம். கேட்கிற மற்றவர்கள் அதுவரை பேசாமலிருக்க வேண்டும். அந்த நேரம் அதிகபட்சம் 32,767 மைக்ரோநொடி. நொடிக்கு முப்பது தடவை இப்படி அறிவித்தால் போதும், வேறெதையும் அனுப்பாமலே ஒரு சேனலை ஊமையாக்கலாம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பெல்லார்டோவும் சாவேஜும் 2003இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அன்றைய மலிவுக் கருவிகள் பல இந்த விதியைச் சரியாகப் பின்பற்றவே இல்லை. அதனால் தாக்குதல் பலிக்கவில்லை! விதியை மதிக்காததால் பிழைத்த கருவிகள் என்று அவற்றைச் சொல்லலாம். ஆனால் அவர்கள் சோதித்த இன்னொரு தாக்குதல் நன்றாகவே பலித்தது. ஆக்சஸ் பாயின்ட் அனுப்பியது போலவே "உன் இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்று போலிச் செய்தி அனுப்பினால், ஸ்கேனரோ லேப்டாப்போ நம்பி வெளியேறிவிடும். பாஸ்வேர்டு எதுவும் தெரியத் தேவையில்லை. ஏனென்றால் அந்த வகை நிர்வாகச் செய்திகளில் கையொப்பமே கிடையாது. இதற்குப் பூட்டு 2009இல் 802.11டபிள்யூ என்ற பெயரில் வந்தது. 2018இல் வெளியான டபிள்யூ.பி.ஏ.3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறை அதைக் கட்டாயமாக்கியது. நடுவில் வாங்கிய பெட்டிகளில் வசதி இருந்தும் அணைத்துவைத்திருப்பது சாதாரணம்.

இங்கேதான் முன்னுரிமைப் பக்கமும் பாதுகாப்புப் பக்கமும் ஒன்றாகின்றன. அவசரம் என்று சொல்கிறவர் நம்ம ஆள்தானா?

வைஃபையின் முதல் பூட்டான வெப், 1997இல் தரநிலையோடே வந்தது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மாறும் எண்ணுக்கு அதில் 24 பிட்டுதான். சுமார் 1 கோடியே 68 லட்சம் வாய்ப்புகள். பரபரப்பான வலையில் சில மணி நேரத்தில் தீர்ந்து, பழைய எண்ணே திரும்ப வரும். 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் மூவரும் அதன் அடித்தளத்திலேயே ஓட்டை இருப்பதைக் காட்டினார்கள். 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் ஒரு நிமிடத்துக்குள் திறந்துகாட்டினார்கள். அதற்குள் நஷ்டம் நடந்துவிட்டது: 2005இல் அமெரிக்காவில் டி.ஜே.எக்ஸ். நிறுவனத்தின் ஒரு துணிக்கடை வைஃபை வழியே நுழைந்த கும்பல், குறைந்தது 4 கோடியே 57 லட்சம் கார்டு எண்களை அள்ளியது. கடையில் இருந்தது பழைய வெப் பூட்டு. மேம்பட்ட பூட்டு 2003லிருந்தே கிடைத்துக்கொண்டிருந்தது.

இந்தியாவில் பாடம் ரத்தத்தோடு வந்தது. 2008 ஜூலை 26 அன்று ஆமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடம் முன் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தடம் பிடித்துப் போன போலீஸார் சென்று சேர்ந்தது நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் வாடகைக்கு இருந்த வீட்டில். அவருக்குத் தெரியாமல் அவர் வைஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மும்பைக் கல்லூரி ஒன்றின் வைஃபையிலிருந்தும், செப்டம்பர் 13 டெல்லி குண்டுவெடிப்பின்போது செம்பூரில் ஒரு கம்பெனியின் வைஃபையிலிருந்தும் மின்னஞ்சல்கள் போயின. 2009 தொடக்கத்தில் மும்பை போலீஸார் லேப்டாப்போடு தெருத்தெருவாகப் போய்ப் பூட்டில்லாத வைஃபைகளைத் தேடத் தொடங்கினார்கள். பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை வைஃபை பாதுகாப்புக்கு நெறிமுறை வெளியிட்டது.

பூட்டு போட்டாயிற்று என்பவர்கள் என்ன பாஸ்வேர்டு வைக்கிறார்கள்? நம் ஊரில் மிகச் சாதாரணமானது முதலாளியின் கைப்பேசி எண். பத்து இலக்கம், பார்க்க நீளம்தான். இந்தியக் கைப்பேசி எண் 6, 7, 8, 9இல் தொடங்குகிறது. ஆக மொத்தம் 400 கோடி வாய்ப்புகள். டபிள்யூ.பி.ஏ.2 என்ற பூட்டு போட்ட வலையில் ஒரு கருவி இணையும்போது பறக்கும் சில பொட்டலங்களைப் பிடித்துக்கொண்டு போனால், வீட்டிலேயே உட்கார்ந்து சோதிக்கலாம். விளையாட்டுக் கணினியில் இருக்கும் ஒரு நல்ல கிராஃபிக்ஸ் அட்டை நொடிக்குப் பத்து லட்சம் வாய்ப்புகளைச் சோதித்துவிடும். 400 கோடிக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இது ஏட்டுக் கணக்கல்ல. இஸ்ரேலின் டெல் அவிவ் நகரில் 2021இல் ஓர் ஆய்வாளர் 5,000 வைஃபை வலைகளைச் சோதித்ததில் எழுபது சதவீதத்துக்கு மேல் திறந்துகொண்டன. அங்கும் கைப்பேசி எண்தான் பிரபலமான பாஸ்வேர்டு.

பாஸ்வேர்டு தட்டாமல் கருவியை இணைக்கப் பெட்டியின் பின்னாலிருக்கும் டபிள்யூ.பி.எஸ். பொத்தான் பற்றி ஒரு வாக்கியம் போதும்: அதன் எட்டு இலக்கப் பின் எண்ணை 11,000 முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011லேயே வெளியானது, அணைத்துவிடுங்கள். வைஃபையின் பெயரை மறைப்பதும், கருவி முகவரி பார்த்து அனுமதிப்பதும் மனத்திருப்திக்கு மட்டுமே. அந்த முகவரி காற்றில் பூட்டில்லாமல்தான் பறக்கிறது. டபிள்யூ.பி.ஏ.2விலும் 2017இல் பெல்ஜியத்தின் மேத்தி வான்ஹூஃப் கிராக் என்ற ஓட்டையைக் காட்டினார். மென்பொருளைப் புதுப்பித்தவர்களுக்கு அது அடைபட்டது. 2018இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3இல், பொட்டலத்தைப் பிடித்துப்போய் வீட்டில் உட்கார்ந்து சோதிக்கும் வழி இல்லை. அதன் ஆரம்பகால வடிவிலும் அதே வான்ஹூஃப் 2019இல் குறை கண்டுபிடித்தார். அவர் ஓய்வெடுத்தால் நமக்கு நல்லதா கெட்டதா என்பது விவாதத்துக்குரியது.

ஆனால் தொழிற்பேட்டைக்கு உண்மையான ஆபத்து கணித ஓட்டையில் இல்லை. ஆஸ்திரேலியாவின் மரூச்சி வட்டாரத்தில் 2000ஆம் ஆண்டு நடந்ததைப் பாருங்கள். கழிவுநீர் நிலையங்களை ரேடியோ வழியே இயக்கும் அமைப்பை ஓர் ஒப்பந்த நிறுவனம் நிறுவிக் கொடுத்தது. அங்கே வேலை பார்த்து விலகிய ஒருவர், உள்ளாட்சி நிர்வாகத்தில் வேலை கேட்டார்; கிடைக்கவில்லை. காரில் ரேடியோவும் லேப்டாப்பும் வைத்துக்கொண்டு சுற்றி, நிலையங்களுக்குத் தானே கட்டளையிட்டார். சுமார் எட்டு லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஆறுகளிலும் ஓடியது. அவருக்கு இரண்டாண்டு சிறை கிடைத்தது. அவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. அந்த அமைப்புக்கு அவர் இன்னும் உள் ஆள்தான்.

ஒப்பந்தத் தொழிலாளர்களும் சர்வீஸ் இன்ஜினியர்களும் வாரந்தோறும் வந்துபோகும் இந்த வளாகங்களில் இதை யோசிக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால், வேலையை விட்டுப் போகிறவரோடு அதுவும் போகிறது. மாற்ற வேண்டுமானால் எல்லா ஸ்கேனரிலும் மாற்ற வேண்டும். அந்தச் சிரமத்துக்குப் பயந்து யாரும் மாற்றுவதில்லை. பெரிய நிறுவனங்கள் 802.1எக்ஸ் என்ற முறைக்குப் போய்விட்டன: ஆளுக்கு, கருவிக்குத் தனி அடையாளம், ஒருவர் விலகினால் அவருடையதை மட்டும் ரத்துசெய்தால் போதும். இந்த முறையில்தான் முன்னுரிமையும் ஒழுங்குக்கு வருகிறது. அடையாளம் தெரிந்த பிறகு, கருவி தன்னைப் பற்றி ஒட்டிக்கொள்ளும் எண்ணை ஆக்சஸ் பாயின்ட் நம்ப வேண்டியதில்லை. இது ஃபோர்க்லிஃப்ட் டெர்மினல், இதற்கு முதல் வரிசை. இது விருந்தினர் கைப்பேசி, எந்த எண் ஒட்டியிருந்தாலும் கடைசி வரிசை என்று நிர்வாகமே தீர்மானிக்கலாம். வைஃபை 6லிருந்து ஆக்சஸ் பாயின்ட்டே நேரத்தையும் அலையையும் பங்குபோட்டுக் கொடுக்கும் வசதி வந்திருக்கிறது. தேனியில் கையால் செய்த முறைவைப்பு இப்போது பெட்டிக்குள் வருகிறது என்று சொல்லலாம்.

இருபது பேர் வேலை செய்யும் பட்டறைக்கு 802.1எக்ஸ் வேண்டாம் என்பவர்கள் உண்டு, அது நியாயமே. அவர்களுக்கு இது போதும்: உற்பத்திக்கு ஒரு வைஃபை பெயர், அலுவலகத்துக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று, மூன்றும் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி. அதற்கு மேல் பெயர்களைப் பெருக்காதீர்கள். ஒவ்வொரு பெயரும் நொடிக்குப் பத்து முறை மெதுவான வேகத்தில் தன்னை அறிவித்துக்கொண்டே இருக்கும். எட்டுப் பெயர் வைத்தால் அறிவிப்புக்கே காற்றில் கணிசமான பங்கு போய்விடும்.

இந்தியாவில் கணினி ஊடுருவல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் ஆணை வந்திருக்கிறது. உங்கள் ஆக்சஸ் பாயின்ட் யார் எப்போது இணைந்தார்கள் என்பதை எத்தனை நாள் நினைவில் வைத்திருக்கிறது என்று ஐடி ஆளிடம் கேட்டுப் பாருங்கள். பல மலிவுப் பெட்டிகள் மின்சாரம் போனதும் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

முதலாளிகளுக்கும் மேலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ரௌட்டருக்குப் பணம் ஒதுக்குமுன், இடம் மாறாத கருவிகளை, முக்கியமாகச் சிசிடிவி கேமராக்களை, கம்பிக்கு மாற்றுங்கள். காற்றில் இடம் தானே காலியாகும். கைப்பேசி எண் பாஸ்வேர்டாக இருந்தால் இந்த வாரமே மாற்றுங்கள். அடுத்து எந்த ஒப்பந்ததாரரின் கணக்கை முடித்தாலும், கேட் பாஸைத் திருப்பி வாங்கும் அதே நாளில் வைஃபை அனுமதியையும் திருப்பி வாங்குங்கள்.